அடுப்புக்கு மூன்று கல்

ஆற்றல் இன்றி வேலை இல்லை. இயற்பியலில் நாம் படிக்கும் முதல் பாடங்களுள் இதுவும் ஒன்று. நீராவி எஞ்சினாயினும் வண்டி மாடாயினும், உழைக்கும் எதுவும் வெளியிலிருந்து ஆற்றலைப் பெற்றே தீர வேண்டும். கற்பதும் ஒரு வேலைதான் என்பதை மட்டும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மாணவன் தேர்வில் தவறினால் பாடநூல் கடினம் என்கிறோம்; ஆசிரியர் சரியில்லை என்கிறோம்; பையனுக்குக் கவனம் போதாது என்கிறோம். காலையில் அவன் என்ன உண்டான், வகுப்பில் எதன்மேல் உட்கார்ந்தான், அவனுக்குக் கற்பிக்க வந்தவர் எந்த மனக்கவலையோடு வந்தார் என்று கேட்பவர் சிலரே.

இந்த மூன்று கேள்விகளையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கேட்டு, விடை காணவும் முயன்ற வரலாறு நம் மாநிலத்துக்கு உண்டு. அதில் ஒரு முக்கியமான பகுதி சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டியே நிகழ்ந்தது. அவ்வழியே நாள்தோறும் பயணம் செய்வோரிலும் பலர் அதை அறியார். அந்த வரலாற்றையும், அதற்குள் இருக்கும் அறிவியலையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் அணாச் சிற்றுண்டி

பள்ளியில் உணவு வழங்கும் எண்ணம் சென்னையில் தோன்றுவதற்கு முன்பே இங்கிலாந்தில் சட்டமாகிவிட்டது. அங்கு 1906-இல் இயற்றப்பட்ட சட்டம், ஏழை மாணவர்களுக்கு உணவளிக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. அடுத்த ஆண்டு பிராட்ஃபோர்டு என்னும் ஆலை நகரில் ரால்ஃப் கிரௌலி என்ற பள்ளி மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். 40 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, பள்ளியில் உணவளித்து, அவர்களுடைய எடையைத் தொடர்ந்து நிறுத்துப் பார்த்தார். உணவு கிடைத்த வாரங்களில் எடை ஏறியது. இடையில் வந்த விடுமுறையில் உணவு நின்றது, எடையும் இறங்கியது. மீண்டும் உணவு வந்ததும் மீண்டும் ஏறியது. ஒரு தராசும் ஒரு குறிப்பேடுமே அவருக்கு வேண்டியிருந்தன. ஆயினும் அவர் கண்டது மறுக்க முடியாத உண்மை.

சென்னையில் இதைத் தொடங்கியது மாநகராட்சி. சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பர் 16-ஆம் நாள் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கலாம். ஆனால் ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. இதுவே தீர்மானத்தின் சாரம். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இருமடங்கு!

ஆனால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடை சொன்னதே காரணம். பின்பு அதே ஆண்டில் ஏறக்குறைய ஆயிரம் ஏழை மாணவர்களுக்கு மட்டும் உணவு மீண்டும் வந்தது. கல்விக்கு ஒதுக்கிய பணத்தை உணவுக்குச் செலவிடலாமா என்பது கணக்கர் எழுப்பிய ஐயம். உணவே கல்விச் செலவின் ஒரு பகுதி அல்லவா என்பது அன்று கேட்கப்பட வேண்டியிருந்த எதிர்க்கேள்வி. அதற்கு விடை காண, நாம் சற்று உடலியல் பக்கம் போக வேண்டும்.

மூளை என்னும் விளக்கு

வளர்ந்த ஒருவரின் மூளை, உடல் எடையில் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கு. ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இதை ஆற்றல் செலவாகும் வீதத்தில் சொன்னால் சுமார் 20 வாட். ஒரு சிறிய விளக்குக்கு ஆகும் அளவு. இந்த விளக்கை இரவிலும் அணைக்க முடியாது. நாம் உறங்கினாலும் அது எரிந்துகொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரவு 8 மணிக்கு உண்டு, காலையில் எதுவும் உண்ணாமல் பள்ளிக்குப் போய், பகல் 1 மணிக்கு அடுத்த உணவைக் காணும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 17 மணி, அதாவது 61,200 வினாடி. வினாடிக்கு 20 ஜூல் வீதம் மூளை மட்டும் செலவிடுவது 12,24,000 ஜூல். ஒரு கிலோகலோரி என்பது 4,184 ஜூல் ஆகையால், இது ஏறக்குறைய 290 கிலோகலோரி. ஒரு கிராம் குளுக்கோஸ் சுமார் 4 கிலோகலோரி தருமென்றால், மூளைக்கு மட்டும் 70 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும்.

உணவு வராத நேரத்தில் இந்தக் குளுக்கோஸ் எங்கிருந்து வருகிறது? கல்லீரல் அதைக் கிளைகோஜன் என்னும் பொருளாகச் சேமித்து வைத்து, சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. நன்கு உண்ட பெரியவரின் கல்லீரலில் இது ஏறத்தாழ 100 கிராம் இருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தையின் கல்லீரலோ பெரியவருடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அதன் மூளை அதற்குள் பெரியவர் மூளையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டியிருக்கும். எடைக்கு எடை பார்த்தால், அது பெரியவர் மூளையைவிட இருமடங்கு குளுக்கோஸையும் எரிக்கிறது. தொட்டி சிறியது, திறந்திருக்கும் குழாயோ பெரியது. தொட்டி முதலில் எந்த வீட்டில் வற்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டி வற்றினால் மூளை நின்றுவிடுவதில்லை. உடல் தன் தசையையும் கொழுப்பையும் கரைத்து அதற்குத் தீனி போடுகிறது. ஆனால் அது நெருக்கடி கால ஏற்பாடு. அப்போது உடல் சிக்கனம் பிடிக்கிறது, தலை கனக்கிறது, மனம் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. கரும்பலகையில் நாம் அழகாக வரைந்த மின்சுற்று அந்தக் கண்களில் படுகிறது, மனத்தில் பதிவதில்லை. முதல் பாடவேளையில் நன்றாக இருந்த மாணவர் மூன்றாம் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்ப்பதைக் கல்லூரியிலும் நாங்கள் காண்கிறோம். அதற்குச் சோம்பல் என்று பெயரிடுவதற்கு முன், 'காலையில் சாப்பிட்டாயா?' என்று கேட்பது நல்லது.

ஆவடி ஆண்டு

இனி மீண்டும் இருப்புப்பாதைக்கு வருவோம். 1955 சனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. நாட்டின் குறிக்கோள் சமதர்மப் பாங்கான சமுதாயம் என்ற புகழ்பெற்ற தீர்மானம் அங்கு நிறைவேறியது. மாநாட்டுப் பந்தலில் நிறைவேறும் தீர்மானம் வேறு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடப்பது வேறு. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அப்போது சென்னை மாநில முதலமைச்சராக இருந்த காமராசரின் அரசு, அடுத்த மூன்று ஆண்டுகளில் பள்ளிகளுக்குச் செய்த மூன்று காரியங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆசிரியருக்கு. அக்காலத்தில் உதவிபெறும் தனியார் பள்ளி ஆசிரியர் ஓய்வுபெற்றால், அடுத்த மாதம் அடுப்பு எரியுமா என்ற கவலை அவரைப் பிடித்துக்கொள்ளும். 1955-இல் ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த திட்டத்தைச் சென்னை மாநிலம் கொண்டுவந்தது. இந்தியாவில் இதுவே முதன்முறை. பின்னர் கோத்தாரிக் கல்விக் குழு, தன் 1966 அறிக்கையில் இத்தகைய திட்டத்தை மற்ற இடங்களுக்கும் பரவலாக்கும்படி பரிந்துரைத்தது.

இரண்டாவது, மாணவருக்கு. 1956-இல் ஊராரின் நன்கொடையைக் கொண்டே பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1957 நவம்பர் முதல் அரசும் செலவில் பங்கேற்றது. பத்துப் பங்கில் ஆறு பங்கு அரசுடையது. மீதி நான்கு ஊருடையது. அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு, செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். அரசு ஆணை மட்டும் சோறு ஆக்காது, ஊரார் கைகொடுத்தால்தான் உலை கொதிக்கும் என்பதைக் கிராமத்தில் பிறந்த அவர் அறிந்திருந்தார்.

கடம்பத்தூர்

மூன்றாவது காரியம், பள்ளிக்கூடத்துக்கே. ஆவடியிலிருந்து மேற்கே திருநின்றவூர், திருவள்ளூர் கடந்து சென்றால் கடம்பத்தூர் நிலையம் வரும். பள்ளிச் சீரமைப்பு இயக்கம் 1958-இல் தொடங்கியது இங்குதான். அன்று இப்பகுதி முழுவதும் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது.

இயக்கத்தின் முறை மிக எளியது. முதலில் வட்டாரத்துப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் என்னென்ன தேவை என்று ஆசிரியர்களும் ஊராரும் சேர்ந்து பட்டியல் போடுவார்கள். கரும்பலகை, மணி, கடிகாரம், பெஞ்சு, குடிநீர்ப் பானை, நிலப்படம், ஒழுகும் கூரைக்கு ஓடு, இடிந்த சுவருக்குச் செங்கல், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை என்று பட்டியல் நீளும். பிறகு மாநாடு கூட்டி, யார் எதைத் தருவது என்று ஊரறிய ஏற்றுக்கொள்வார்கள். பணம் இல்லாதவர் மரம் கொடுத்தார். மரம் இல்லாதவர் உழைப்பைக் கொடுத்தார். கடம்பத்தூரில் முளைத்த இயக்கம் மாநிலம் முழுவதும் பரவியது.

நமது கிராமத்து அடுப்பை நினைத்துப் பாருங்கள். மூன்று கல் வைத்தால்தான் பானை நிற்கும். இரண்டு கல்லை எவ்வளவு உயர்வாக வைத்தாலும் பானை சரிந்துவிடும். 1955-க்கும் 1958-க்கும் இடையே வைக்கப்பட்டவை அந்த மூன்று கற்களே: ஆசிரியரின் மனநிம்மதி, மாணவனின் வயிறு, வகுப்பறையின் நிலை.

உணவு மட்டும் போதுமா?

'பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டால் போதாதா? மற்றவை பிறகு வரட்டுமே' என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை, நம் நாட்டுக்கு வெகு தொலைவிலுள்ள ஜமைக்காத் தீவிலிருந்து கிடைக்கிறது.

அங்கு சாலி கிரந்தம்-மெக்கிரகர் முதலிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பள்ளிக் காலை உணவைப் பற்றி ஆராய்ந்தனர். 1998-இல் வெளியான ஆய்வில் 814 சிறுவர் சிறுமியர் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு ஓராண்டு முழுவதும் காலை உணவு. மற்றொரு சாராருக்குக் கால் ஆரஞ்சுப் பழம் மட்டும். உணவு பெற்றவர்களின் வருகை கூடியது. உயரமும் எடையும் சிறிதளவு கூடின. அவர்களுள் இளையவர்கள் கணக்கிலும் முன்னேறினர். இது நாம் எதிர்பார்த்ததே.

எதிர்பாராதது 1996-இல் வெளியான மற்றோர் ஆய்வில் கிடைத்தது. நான்கு கிராமப் பள்ளிகளில், காலை உணவு உண்டபின் பிள்ளைகள் வகுப்பில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று உற்று நோக்கினர். வசதியாக அமைந்த பள்ளியில் பிள்ளைகளின் கவனம் பாடத்தில் கூடியது. நெரிசலும் வசதிக் குறைவும் உள்ள மற்றப் பள்ளிகளிலோ கவனம் குறைந்து பேச்சு மிகுந்தது! வயிறு நிறைந்ததும் உடலில் தெம்பு வருகிறது. அந்தத் தெம்பைப் பாடத்தில் செலுத்த உட்கார இடமும், எழுதப் பலகையும், கவனிக்க ஆசிரியரும் வேண்டும். இல்லையேல் அது அண்டை வீட்டுப் பிள்ளையோடு அரட்டையாகச் செலவாகிறது. எரிபொருள் ஊற்றினால் மட்டும் வண்டி ஊர் போய்ச் சேராது; பாதையும் வேண்டும், ஓட்டுநரும் வேண்டும்.

வகுப்பறையைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கொடிய சான்று ஒன்று உண்டு. 2004 சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ, கீற்றுக் கூரை வழியாக வகுப்பறைக்குத் தாவியது. 94 பிள்ளைகள் மாண்டனர். உணவு சமைத்த அதே நெருப்பு, பாதுகாப்பற்ற கட்டடத்தால் எமனாயிற்று. அதன் பின்னரே பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பள்ளிச் சீரமைப்பு என்பது ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியம் அன்று என்பதை இதைவிட உரக்க எதுவும் சொல்லாது.

ஆசிரியரின் மனம்

ஆசிரியர் கவலை மாணவனைத் தொடுமா? தொடுகிறது என்று ஐயுற இடம் தருகிறது கனடாவில் நடந்த ஓர் ஆய்வு. 2016-இல் வெளியான இவ்வாய்வில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துத் தொடக்கப் பள்ளி மாணவர்கள் 400-க்கு மேற்பட்டோரின் உமிழ்நீரைச் சோதித்தனர். மன இறுக்கத்தின்போது உடலில் மிகும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீரை அளப்பதே நோக்கம். வேலையில் மனம் சோர்ந்து ஓய்ந்துபோனதாகக் கூறிய ஆசிரியர்களின் வகுப்புகளில், பிள்ளைகளின் காலை நேரக் கார்ட்டிசால் அளவு உயர்ந்திருந்தது. சோர்வு ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் போகிறதா, அடங்காத வகுப்பு ஆசிரியரைச் சோர்வடையச் செய்கிறதா என்பதை இவ்வாய்வு மட்டும் தீர்த்துவிடாது. ஆனால் இருவர் நலமும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பது தெளிவாகிறது.

இங்கே நம் சத்துணவு வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1982 சூலை 1-ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் சிற்றூர்களில், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களில், 1984-இல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கு என்று திட்டம் விரிந்தது. பயன்பெற்ற பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் பேசுவர். அதோடு, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனிப் பணியாளர்கள் ஏற்பட்டதையும் நினைக்க வேண்டும். பணி பெற்றவர்களில் கைம்பெண்களும் ஆதரவற்ற பெண்களும் பலர். அரிசி மூட்டையை எண்ணும் கை வேறு, சாக்குக்கட்டி பிடிக்கும் கை வேறு என்று ஆனது ஆசிரியருக்கு ஒரு விடுதலை.

மற்றொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2003 ஏப்ரலுக்குப் பின் அரசுப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு முறை வந்தது. 1955-இல் நிம்மதி தந்த கல் இதனால் அசைந்தது என்று ஆசிரியர்கள் பல ஆண்டுகள் போராடினர். அரசின் நிதிநிலைக்கு ஏற்பக் கணக்குகள் மாறலாம். ஆனால் அந்தக் கணக்கில் மாணவனின் கல்வியும் ஓர் உறுப்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

மீண்டும் காலை உணவு

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1989-இல் சத்துணவோடு முட்டை சேர்ந்தது. முதலில் இரு வாரத்துக்கு ஒன்று, 2010-இல் வாரத்துக்கு ஐந்து. 1995-இல் நடுவண் அரசு நாடு தழுவிய மதிய உணவுத் திட்டத்தை அறிவித்தது. சமைத்த உணவே வழங்க வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயிரம் விளக்கில் தொடங்கிய சிற்றுண்டி, இவ்வாறு நாட்டின் வழக்கமாயிற்று.

1920-இல் சென்னை தேர்ந்தது சிற்றுண்டி. பிறகு வந்தவை எல்லாம் மதிய உணவு. இடையில் காலி வயிறோடு கழியும் முற்பகல் அப்படியே இருந்தது. 2022 செப்டம்பர் 15-இல் 1,545 தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது வந்தது. 2024 சூலை 15-இல், காமராசர் பிறந்த நாளன்று, ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு அதை விரிவுபடுத்தும் விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் நடந்தது. கடம்பத்தூர் இருப்பதும் இதே மாவட்டத்தில்தான். 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன.

இதன் தேவையை அறிய எங்கள் மேற்குப் புறநகரைச் சுற்றி வந்தால் போதும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் காலை முறைக்குச் செல்லும் தாய் தந்தையர், பொழுது விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். பூவிருந்தவல்லிச் சாலையில் கட்டட வேலைக்குப் போவோர் நிலையும் அதுவே. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் அரிச்சுவடி படிக்கிறார்கள். இந்த வீடுகளில் காலை அடுப்பு எரியாததற்குக் காரணம் வறுமை மட்டுமன்று; நேரமின்மையும்தான்.

பலன் எப்போது தெரியும்?

பள்ளியில் போடும் சோற்றின் பலனை ஓராண்டுத் தேர்வில் தேடினால் முழுவதும் கிடைக்காது. இந்தியாவின் மதிய உணவைப் பற்றி 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓராண்டுக்கும் குறைவாக உணவு பெற்றவர்களைவிட, ஐந்தாண்டு வரை பெற்றவர்கள் வாசிப்பில் நூற்றுக்கு 18 பங்கும் கணக்கில் 9 பங்கும் மிகுதியாக மதிப்பெண் பெற்றதைக் கண்டது. 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. பள்ளி நாளில் மதிய உணவு உண்ட பெண்கள் வளர்ந்து தாயானபின், அவர்களுடைய குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைந்து காணப்பட்டது. ஒரு சிறுமியின் தட்டில் இட்ட சோறு, அவள் பெறப்போகும் பிள்ளையின் உயரத்தில் தெரிகிறது!

1925-இல் கணக்கர் எழுப்பிய ஐயத்துக்கு இப்போது விடை சொல்லலாம். உணவுச் செலவு கல்விச் செலவே. அவ்வாறே ஒழுகாத கூரையும், ஆசிரியரின் அச்சமற்ற முதுமையும் கல்விச் செலவுகளே. இவற்றுள் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டுவது சிக்கனமாகத் தோன்றும்; பானை நிற்காது.

மாணவ நண்பர்களே, நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கடம்பத்தூரில் 1958-இல் செய்ததைப் போல, உங்கள் பள்ளிக்கு வேண்டியவற்றை ஒரு தாளில் பட்டியல் இடுங்கள். குடிநீர், கழிப்பறை, மின்விசிறி, உடைந்த பெஞ்சு, காலை உண்ணாமல் வரும் தோழன், நெரிசலான வகுப்பில் குரல் கம்மிப்போன ஆசிரியர் என எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தத் தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உங்கள் பெற்றோரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.